பி.எட். படித்தது உதவிக்குப் போகவா?

கேள்வி: எனக்கு வயது 27. திருச்சி. எம்.ஏ. ஆங்கில இலக்கியமும் பி.எட்.டும் முடித்து, நான்கு வருடமாக ஒரு தனியார் பள்ளியில் 6 முதல் 10ஆம் வகுப்பு வரை ஆங்கிலம் எடுக்கிறேன். கற்பிப்பதுதான் எனக்கு எல்லாம். பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பும் ஒரு ஜப்பானிய நிறுவனம் ஆன்லைனில் இரண்டு முறை நேர்காணல் செய்தது. வரும் ஏப்ரலில் இருந்து மேற்கு ஜப்பானில் ஒரு சிறிய ஊரின் அரசுப் பள்ளிகளில் ஏ.எல்.டி. ('அசிஸ்டென்ட் லாங்குவேஜ் டீச்சர்', உதவி மொழி ஆசிரியர்) வேலை என்கிறார்கள். மாதம் 2,20,000 யென், ஒரு வருட ஒப்பந்தம். இந்தச் சம்பளத்தில் தனியாக வாழ்ந்து வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்ப முடியுமா? நான் சுத்த சைவம், முட்டைகூடச் சாப்பிடுவதில்லை; என்ன செய்வது? வெள்ளைக்காரராக இல்லாத ஆங்கில ஆசிரியரை அங்கே மதிப்பார்களா? அம்மாவுக்கு நிலநடுக்கப் பயம். அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "பி.எட். படித்தது யாருக்கோ உதவிக்குப் போகவா?" என்று ஒரே வரி கேட்டார், அதற்கப்புறம் இதைப் பற்றிப் பேசவே இல்லை. நான் போகலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சம்பளம், சாப்பாடு, நிறம், நிலநடுக்கம் என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் போகிற போக்கில் அப்பா சொன்னதாக எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான் இந்தக் கடிதத்தின் உண்மையான கேள்வி. மேற்கு ஜப்பானில், ஷின்ஜி ஏரிக்கரையில் ஒரு சிறிய ஊரில் ஐந்து வருடம் இதே வேலையைப் பார்த்தவள் நான். அந்த ஐந்து வருடமும் எனக்குக் குளிரைவிட, சாப்பாட்டைவிட, அதிகமாக உறுத்தியது அந்தக் கேள்விதான்.

ஏ.எல்.டி. என்ற மூன்று எழுத்தில் முதல் எழுத்து 'அசிஸ்டென்ட்'. மரியாதைக்கு வைத்த பெயர் இல்லை அது. வேலையின் வரையறையே அதுதான். ஜப்பானிய ஆசிரியர் உரிமம் இல்லாதவர் அரசுப் பள்ளியில் தனியாக வகுப்பை நடத்தக்கூடாது. உரிமம் உள்ள ஆசிரியர் வகுப்பில் இருப்பார், நீங்கள் அவர் பக்கத்தில் நிற்பீர்கள். நடுநிலைப் பள்ளி என்றால் ஆங்கில ஆசிரியர். தொடக்கப்பள்ளி என்றால் வகுப்பு ஆசிரியரே. ஆங்கிலம் பேசத் தயங்குகிறவராக அவர் இருக்கலாம். 2020 ஏப்ரலில் இருந்து 5, 6ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் மதிப்பெண் போடும் பாடமாகிவிட்டது, வருடத்துக்கு 70 பிரிவேளை. 3, 4ஆம் வகுப்புகளுக்கு 35, பாட்டும் விளையாட்டுமாக. அதனால் இப்போது தொடக்கப்பள்ளிகளில்தான் உங்களைப் போன்றவர்களுக்கு அதிக வேலை.

என் முதல் வருடத்தைச் சொல்கிறேன். நடுநிலைப் பள்ளி, இரண்டாம் ஆண்டு. ஆங்கில ஆசிரியருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், நல்ல மனிதர், கண்டிப்பானவர். மணி அடித்ததும் ஒரு மாணவன் "கிரிட்ஸு, ரெய்" என்பான். எல்லோரும் எழுந்து குனிந்து வணங்கி உட்காருவார்கள். அவர் ஜப்பானிய மொழியில் இலக்கணத்தை விளக்குவார். நான் கரும்பலகை ஓரமாக நிற்பேன். இருபது நிமிடம் கழித்து என் பக்கம் திரும்பி "ப்ளீஸ்" என்பார். பாடப்புத்தகத்தின் பத்தியை நான் வாசிப்பேன், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். மூன்று முறை. அவ்வளவுதான். அடுத்த வகுப்பிலும் அதே பக்கம், அடுத்ததிலும். ஏ.எல்.டி.க்கள் தங்களைத் தாங்களே 'மனித டேப் ரெக்கார்டர்' என்று கிண்டல் செய்துகொள்வார்கள். முதல் இரண்டு மாதம் நானும் சிரித்தேன். மூன்றாவது மாதம் ஒரு நாள் பள்ளிக் கழிப்பறையில் போய் அழுதேன். இங்கே நாற்பத்தைந்து பிள்ளைகளை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவள் நான். அங்கே எனக்கு ஒரு வகுப்பில் மொத்தம் ஆறு நிமிடம்.

உங்களுக்கும் இது வரும். உங்கள் கடிதத்தில் "கற்பிப்பதுதான் எனக்கு எல்லாம்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி இருப்பதால்தான் இவ்வளவு பச்சையாகச் சொல்கிறேன். கல்லூரி முடித்த கையோடு ஊர் சுற்றிப் பார்க்க வருகிற இளைஞருக்கு இந்த ஆறு நிமிடம் ஒரு குறையே இல்லை.

மாறியது எப்படி என்றும் கேளுங்கள். நான் எதையும் கேட்டுப் போராடவில்லை. அங்கே அப்படிக் கேட்டால் நடக்கவும் நடக்காது. இரண்டாவது பருவத்தில் அந்த ஆசிரியரிடம், விருப்பமுள்ள பிள்ளைகள் வாரம் ஒரு நாள் மூன்று வரி ஆங்கிலத்தில் எழுதி நோட்டு கொடுக்கட்டும், நான் பதில் எழுதித் தருகிறேன் என்றேன். அவருக்கு அதில் கூடுதல் வேலை ஒன்றும் இல்லை; சரி என்றார். முதல் வாரம் பதினோரு நோட்டு. வருடக் கடைசியில் நூறைத் தாண்டியது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், ஏரியில் தன் தாத்தா ஷிஜிமி மட்டி அள்ளுவதைப் பற்றி வாரா வாரம் எழுதினான். தப்பும் தவறுமாகத்தான் எழுதுவான். அதைத் திருத்தாமல் "எவ்வளவு ஆழம்? படகு யாருடையது?" என்று நான் கேள்வி மட்டும் எழுதி அனுப்புவேன். அடுத்த ஏப்ரலில் அந்த ஆசிரியரே வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை என்னிடம் விட்டார். யாரும் அறிவிக்கவில்லை. "ப்ளீஸ்" என்று இருபதாம் நிமிடத்தில் வரவேண்டியது முதல் நிமிடத்திலேயே வந்தது.

பிள்ளைகளின் மௌனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வகுப்பில் கேள்வி கேட்டால் பத்துக் கை எழும், பாதி தப்பான பதிலாக இருக்கும், அதில் யாருக்கும் வெட்கமில்லை. அங்கே ஒரு பையனை எழுப்பினால் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பான், பின்னால் திரும்புவான், அரை நிமிடம் போகும். பதில் தெரியாமல் இல்லை, தப்பாகிவிடுமோ என்ற கூச்சம். நாம் உடனே அடுத்த ஆளைக் கேட்டுவிடுவோம். கேட்காதீர்கள், காத்திருங்கள். அந்த அரை நிமிடம் தாங்குவதற்கு எனக்கு ஒரு வருடம் பிடித்தது. உச்சரிப்பில் மட்டும் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. 'ஸ்கூல்' என்பது அங்கே 'சுகூரு' ஆவதை, 'இஸ்கூல்' கேட்டுப் பழகிய நாம் உடனே புரிந்துகொள்வோம். அவர்களுக்கு ல, ர இரண்டும் ஒன்று. ல, ள, ழ, ர, ற என்று ஐந்தையும் ஒரு நாள் பலகையில் எழுதிச் சொல்லிக் காட்டினேன். 'ழ'வுக்காக ஒரு வகுப்பே நாக்கை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத்தான் அவர்கள் முதல்முறை கூச்சமில்லாமல் தப்பு செய்தார்கள்.

இனி சம்பளம். 2,20,000 என்பது கையில் வராது. உடல்நலக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு, வருமான வரி எல்லாம் போக 1,80,000 யென்னை ஒட்டி வரும். சிறிய ஊரில் வாடகை 40,000 முதல் 50,000. மின்சாரம், எரிவாயு, தண்ணீர், போன் எல்லாம் 20,000க்குள். குளிர்காலத்தில் அதைத் தாண்டும். சமைத்துச் சாப்பிட்டால் 30,000. கார் வேண்டிய ஊராக இருந்தால் அது தனியாக ஒரு 30,000 தின்னும். ஆக, கார் இல்லாவிட்டால் மாதம் 60,000 யென் போல மிச்சம் பிடிக்கலாம், கார் இருந்தால் அதில் பாதி. இதை எழுதும்போது 100 யென் 60 ரூபாய்க்கும் கீழே. இதற்காக மட்டும் என்றால் போகவேண்டாம் என்றே சொல்வேன்.

முதல் இரண்டு மாதத்துக்குக் கையில் பணம் வேண்டும். ஏப்ரலில் செய்த வேலைக்குப் பல நிறுவனங்களில் மே மாதக் கடைசியில்தான் சம்பளம். வீட்டுக்கு முன்பணம், 'ரெய்கின்' என்று வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கவே முடியாத ஒரு தொகை, வாடகைக்கு உத்தரவாதம் கொடுக்கும் நிறுவனத்துக்கு ஒரு கட்டணம். நிறைய வீடுகளில் அடுப்பு இருக்காது, கூரையில் விளக்குகூட இருக்காது. இரண்டு லட்சம் ரூபாயாவது கொண்டுபோங்கள். இரண்டாம் வருட ஜூனில் இன்னொரு அதிர்ச்சி வரும்: குடியிருப்பு வரி. அது முந்தைய வருட வருமானத்தின் மேல் போடுவது. அதனால் முதல் வருடம் இருக்காது, அப்புறம் திடீரென்று மாதாமாதம் சில ஆயிரம் யென் குறையும். நிறுவனம் ஏமாற்றுகிறது என்று நினைத்து நான் சண்டைக்கே போய்விட்டேன்.

நான் சண்டை போட்டிருக்கவேண்டிய இடம் வேறு. எனக்கு முதலில் வேலை கொடுத்த நிறுவனம் ஆகஸ்டில் பாதிச் சம்பளம்தான் கொடுத்தது. பள்ளி விடுமுறை, வேலை இல்லை, ஆகவே பணமும் இல்லை. ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பிரதியில் அது ஒரு அடிக்குறிப்பு, நான் படிக்கவில்லை. நீங்கள் கையெழுத்து போடுவதற்கு முன் ஜப்பானிய மொழிப் பிரதியைக் கேட்டு வாங்கி, மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஆகஸ்ட், டிசம்பர், மார்ச் மாதங்களில் முழுச் சம்பளமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். 29.5 என்ற விசித்திரமான எண் இருந்தால் அதற்குக் காரணம் உண்டு. முழுநேர வாரமான 40 மணியில் முக்கால் பங்கு 30. அதற்கு அரை மணி குறைத்துவிட்டால் நிறுவனம் தன் பங்குக் காப்பீட்டையும் ஓய்வூதியத்தையும் கட்டாமல் தப்பித்துவிடலாம் என்பது பழைய தந்திரம். 2024 அக்டோபரில் இருந்து 51 பேராவது இருக்கும் நிறுவனங்களில் வாரம் 20 மணி வேலை பார்த்தாலே சேர்த்தாகவேண்டும். ஆகவே "காப்பீட்டை நீங்களே நகராட்சியில் கட்டிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

இன்னொரு கேள்வி, இதுதான் உங்கள் அப்பாவின் கேள்வியோடு நேராகப் போய்ச் சேர்வது. ஒப்பந்தம் 'ஹாகென்' வகையா, 'உகேஓய்' வகையா என்று கேளுங்கள். ஹாகென் என்றால் நிறுவனம் உங்களைப் பள்ளிக்கு ஆளாக அனுப்புகிறது. பள்ளி ஆசிரியர் உங்களிடம் நேரடியாக வேலை சொல்லலாம், உட்கார்ந்து பேசிப் பாடம் திட்டமிடலாம். உகேஓய் என்றால் மொத்த வேலையையும் நிறுவனம் குத்தகைக்கு எடுத்திருக்கிறது; சட்டப்படி பள்ளி ஆசிரியர் உங்களுக்கு உத்தரவு கொடுக்கக்கூடாது, எல்லாம் நிறுவனம் வழியாக வரவேண்டும். ஒரே வகுப்பில் நிற்கிற இரண்டு ஆசிரியர்கள், "அந்தப் பத்தியை இன்னொரு முறை வாசியுங்கள்" என்று சொல்லிக்கொள்வதே சிக்கல் என்றால் சேர்ந்து எப்படிப் பாடம் நடத்துவது? அந்த வகையில் போனால் டேப் ரெக்கார்டராகவே இருந்துவிடுவீர்கள். இந்த ஒரு பதிலைப் பார்த்தே போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம் என்பேன்.

விசா விஷயம் உங்களுக்குச் சுலபம். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் விசாவுக்குப் பட்டத்தோடு, 12 வருடம் ஆங்கிலவழியில் படித்திருக்கவேண்டும். பிறந்த நாடு எது என்பது அதில் இல்லை. படித்த ஒவ்வொரு பள்ளியிலும் ஆங்கிலவழிக் கல்விச் சான்றிதழ் இப்போதே வாங்கத் தொடங்குங்கள். நம் பள்ளி அலுவலகங்கள் எவ்வளவு வேகம் என்று உங்களுக்கே தெரியும்.

வெள்ளைக்காரர் இல்லையே என்ற கவலைக்கு வருகிறேன். இரண்டு உலகம் இருக்கிறது. 'எய்கைவா' எனப்படும் தனியார் ஆங்கிலப் பேச்சுப் பள்ளிகளில் இன்னமும் சில இடங்களில் விளம்பரப் படத்துக்கு ஏற்ற முகம் தேடுவார்கள். அரசுப் பள்ளிகள் அப்படி இல்லை. வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு அழைத்துவர 1987இல் அரசு தொடங்கிய ஜெட் திட்டத்திலேயே ஜமைக்கா, தென்னாப்பிரிக்கா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், இந்தியா எல்லாம் இருக்கின்றன. அதற்கும் வெகுமுன்னால், 1848இல் அந்நியர்களுக்குக் கதவடைத்திருந்த ஜப்பானுக்குள் புகுந்து பிடிபட்டு, நாகசாகியில் காவலில் இருந்தபடியே 14 மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ரானல்ட் மெக்டொனால்டின் தாய், வட அமெரிக்காவின் சினூக் பழங்குடியைச் சேர்ந்தவர். பிள்ளைகளுக்கு உங்கள் நிறம் முதல் வாரம் ஆச்சரியம், இரண்டாம் வாரம் பழகிப்போகும். "தினமும் மூன்று வேளையும் கறிக்குழம்பு சோறா?" என்று கேட்பார்கள். கோபித்துக்கொள்ளவேண்டாம், அவர்கள் ஊரிலும் பள்ளி மதிய உணவில் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது அந்தக் 'கரே ரைஸ்'தான். பெரியவர்களிடம்தான் லேசான கீறல் இருக்கும். ஒரு பெற்றோர் என்னிடம் சிரித்துக்கொண்டே, "உண்மையான ஆங்கிலம் எப்போது வரும்?" என்று கேட்டார். என் உடன் வேலை பார்த்த அந்த ஐம்பது வயது ஆசிரியர், என்னைக் கேட்காமலே, "இவர் சொல்வதுதான் உண்மையான ஆங்கிலம்" என்று பதில் சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விட்டார்.

சாப்பாடு. இதில் பொய்யான தைரியம் கொடுக்கமாட்டேன், கஷ்டம்தான். கறியும் மீனும் கண்ணுக்குத் தெரிந்தால் ஒதுக்கிவிடலாம். ஆனால் 'தாஷி' என்கிற சாறு, காயவைத்துச் சீவிய சூரை மீனில் எடுப்பது, சூப்பில் இருக்கும், வேகவைத்த கீரையில் இருக்கும், நூடுல்ஸ் குழம்பில் இருக்கும். நமக்குத் தாளிப்பு எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. "நான் சைவம்" என்று சொன்னால் கறியை எடுத்துவிட்டு மீன் வைப்பார்கள், அன்பாக. "நிக்கு மோ சகானா மோ தபெமசென்" என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: கறியும் மீனும் சாப்பிடமாட்டேன். அந்த 'மோ'வைக் கவனித்தீர்களா? அப்படியே நம் 'உம்'. ஜப்பானிய மொழி தமிழருக்கு இப்படித்தான் கைகொடுக்கும். 'தபெதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'கைதே ஒக்கு' என்றால் எழுதி வை. ஓனோ சுசுமு என்ற மொழியியலாளர் இதையெல்லாம் வைத்து இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்றே வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, என்னோடு படித்த அமெரிக்கர்கள் ஒரு வருடம் முட்டிமோதிய வாக்கிய அமைப்பு எனக்கு ஒரு மாதத்தில் வந்தது.

பள்ளியில் மதிய உணவு எல்லோருக்கும் ஒரே மெனு, கூடவே 200 மில்லி பால். உங்களால் அந்தப் பாலையும் சோற்றையும்தான் தொடமுடியும். டிபன் கொண்டுவர அனுமதி கேளுங்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் கொண்டுவருவதால் அது புதிதில்லை. ஆனால் டிபனை ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். வகுப்புக்கே எடுத்துப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிடுங்கள். வகுப்பில் பேசாத பிள்ளைகள் அங்கேதான் பேசுவார்கள். என் தயிர்ச்சாதத்தைப் பார்த்து ஒரு பெண் அலறினாள். அவர்களுக்குத் தயிர் என்பது பழத்தோடு சாப்பிடும் இனிப்பு. சோற்றில் அதை ஊற்றுவது, நம் வீட்டில் யாராவது சாம்பாரில் ஐஸ்கிரீம் போட்டால் எப்படியோ அப்படி. மறு வாரம் அவளே ஒரு ஸ்பூன் கேட்டாள். (அந்தக் குட்டை அரிசி குழைந்து ஒட்டும், தயிர்ச்சாதத்துக்கு அதை மிஞ்சிய அரிசி கிடையாது. சாம்பாருக்கு அது ஆகாது.)

முள்ளங்கி, கத்தரிக்காய், கீரை, டோஃபு எல்லாம் எந்த ஊர்க் கடையிலும் உண்டு. வெண்டைக்காய் கோடையில் வரும், பெயர் 'ஒக்குரா'. துவரம்பருப்பை டோக்கியோவில் இருக்கும் இந்தியக் கடைகள் தபாலில் அனுப்பும். புளியும் பெருங்காயமும் எடுத்துப் போங்கள். பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். பயிர்ச் சுகாதாரச் சான்று இல்லாமல் செடி கொடி எதையும் விமான நிலையத்தில் விடமாட்டார்கள். இட்லி மாவு ஜனவரியில் மூன்று நாள் வைத்தாலும் பொங்காது. கோதட்ஸு என்று அடியில் சூடேற்றி வைத்த குட்டை மேசை இருக்கும், மேலே போர்வை மூடியிருக்கும். அதற்குள் பாத்திரத்தை வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

குளிரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்கவேண்டும். வீடுகளில் ஒரு அறையை மட்டும் சூடேற்றுவார்கள். பள்ளித் தாழ்வாரம் ஐஸ் பெட்டி போல இருக்கும். மேற்குக் கடலோரத்தில் பனியைவிட மழை மோசம். "சாப்பாட்டுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே" என்று அந்தப் பக்கம் ஒரு சொலவடையே உண்டு. 1890இல் மட்சுஎ நகரத்துக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன் அந்த ஊரை அவ்வளவு நேசித்தும், அடுத்த வருடமே தெற்கே குமமோட்டோவுக்கு மாறிப்போனார். அந்தக் குளிரும் ஒரு காரணம். அவருக்கு மாதம் 100 யென் சம்பளம், அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. நம்மைவிட வசதியாகத்தான் இருந்திருக்கிறார்.

அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். 2011 மார்ச் 11 மதியம் நான் ஆசிரியர் அறையில் இருந்தேன். எங்கள் பக்கம் எதுவும் ஆகவில்லை. எல்லோரும் தொலைக்காட்சி முன் நின்றுகொண்டிருந்தோம். அன்றைய சுனாமியில் வடகிழக்குக் கடற்கரையில் ஏ.எல்.டி.யாக இருந்த இரண்டு அமெரிக்க இளைஞர்கள் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருவரான டெய்லர் ஆண்டர்சனின் பெற்றோர், மகள் வேலை பார்த்த இஷினோமாக்கியின் பள்ளிகளுக்கு ஆங்கிலப் புத்தக அலமாரிகள் கொடுத்திருக்கிறார்கள். ஆபத்தே இல்லை என்று அம்மாவிடம் சொல்லவேண்டாம். செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். 1981 ஜூனில் வந்த நிலநடுக்க விதிப்படி கட்டிய வீடாகப் பாருங்கள். நகராட்சிகள் ஆபத்து வரைபடம் வெளியிடுகின்றன. சுனாமி, வெள்ளம், மண்சரிவு எது எதுவரை வரும் என்று வீதி வாரியாக இருக்கும். வீடு பார்க்கும்போது அந்த வரைபடத்தை அம்மாவுக்கே அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளியில் பயிற்சி ஒத்திகை நடக்கும்போது பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள் மேசைக்கடியில் போகப் பழகுங்கள்.

மற்ற அன்றாடமெல்லாம் வேகமாகப் பழகிவிடும். வாசலில் காலணியை மாற்றி உள்ளே போடும் செருப்பைப் போடுவது, நகராட்சியில் 14 நாளுக்குள் முகவரி பதிவது, எரிகிற குப்பை செவ்வாய், பிளாஸ்டிக் வியாழன் என்று பிரிப்பது. தப்பாகப் பிரித்தால் பையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், தெரு முழுக்கப் பார்க்கும். சிறிய ஊர் என்பதால் நீங்கள் நேற்று எந்தக் கடையில் கத்தரிக்காய் வாங்கினீர்கள் என்று மறுநாள் ஆசிரியர் அறைக்குத் தெரிந்திருக்கும். கிராமத்தில் வளர்ந்தவருக்கு இது புதிதில்லை. மதியம் துப்புரவு நேரம் என்று ஒன்று உண்டு. பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்து பள்ளியைப் பெருக்கித் துடைப்பார்கள். முதல் நாள் நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன், தலைமை ஆசிரியர் முட்டி போட்டுப் படிக்கட்டு துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் என் மேசை மேல் யாரோ ஒரு புதுத் துடைப்புத் துணியை மடித்து வைத்திருந்தார்கள்.

சரி, போகலாமா? நிறுவனம் நல்ல பதில் கொடுத்தால் போங்கள், இரண்டு வருடக் கணக்கில். அந்த இரண்டு வருடமும் மாலை நேரம் ஜப்பானிய மொழிக்கு. ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வில் முதல் டிசம்பரில் என்4 நிலை, இரண்டாம் வருடக் கடைசிக்குள் அதற்கு அடுத்த என்3 தேறவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசத் தெரிந்த ஏ.எல்.டி.யும் தெரியாத ஏ.எல்.டி.யும் ஒரே வேலையில் இருப்பதாகச் சொல்லவே முடியாது. மொழி வந்தால் நகராட்சிக் கல்வி வாரியத்திலேயே நேரடி வேலைக்கு முயலலாம், தனியார் பள்ளிகள் உண்டு, சிறப்பு ஆசிரியர் உரிமம் என்றும் ஒன்று உண்டு. அது கிடைத்தால் வகுப்பு உங்களுடையது. அதற்கு வழியே தெரியாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். நாற்பது வயதில், பத்து வருடத்துக்கு முந்தைய அதே சம்பளத்தில், வருடா வருடம் மார்ச்சில் ஒப்பந்தம் வருமா என்று காத்திருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. இங்கே திரும்பினால் அந்த வருடங்களைச் சில பள்ளிகள் ஆசிரியர் அனுபவமாக எடுத்துக்கொள்ளும், சில எடுத்துக்கொள்ளாது. எந்தெந்த வகுப்பு, வாரம் எத்தனை பிரிவேளை என்று பள்ளியிடம் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். கட்டிய ஓய்வூதியப் பணத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். ஆறு மாதமாவது கட்டியிருக்கவேண்டும், ஜப்பானை விட்டுக் கிளம்பி இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும்.

அப்பாவிடம் நீங்களே பேசுங்கள். ஆமாம், உதவிக்குத்தான் போகிறேன் என்றே சொல்லுங்கள், மழுப்பவேண்டாம். நாற்பது வருடம் வகுப்பு எடுத்தவருக்கு ஆறு நிமிடத்தில் என்ன செய்யலாம் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், அதையே கேளுங்கள். இன்னொரு உதவியும் அவரிடம் வேண்டும். இந்தியர்கள் எல்லோருக்கும் 19 பெருக்கல் 19 வரை வாய்ப்பாடு மனப்பாடம் என்று ஜப்பான் முழுக்க ஒரு நம்பிக்கை. முதல் வாரமே ஏதாவது ஒரு பையன் எழுந்து, "சென்செய், 17 பெருக்கல் 18?" என்பான். நான் விழித்தேன். நீங்கள் கிளம்பும்வரை தினமும் சாயங்காலம் அப்பாவிடம் உட்கார்ந்து ஒப்பித்துவிடுங்கள்.